வீரனுக்கு உரிய உறக்கம்



போர்முனையில் நின்றவனுக்கு மாலை சூட்டத் தெரிந்த நாம், அவனுக்கு இரவில் நித்திரை வருகிறதா என்று விசாரிப்பது மிக அரிது.

அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' என்னும் விசேஷப் படையில் சேர விரும்பும் இளைஞன், கலிபோர்னியாவின் கொரனாடோ கடற்கரையில், 'நரக வாரம்' என்றே பெயர் பெற்ற பரீட்சையில், ஐந்தரை நாட்களில் மொத்தம் நான்கு மணி நேரமளவே உறங்கி, ஈர உடையில் மணல் அறுக்க அறுக்க, சகாக்களோடு ரப்பர்ப் படகைத் தலையில் சுமந்து ஓடுகிறான். இயலாதவன் அங்கே தொங்கும் பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டு விலகிப் போகலாம். அந்தப் பரீட்சையை நான் குறை கூறவில்லை. உறக்கம் வேண்டாதவனே வீரன் என்று அந்த வாரம் புகட்டும் பாடம், வாழ்நாள் முழுவதற்கும் தர்மமாகிவிடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இத்தகைய படைகள் பெரும்பாலும் இரவிலேயே புறப்பட்டன. வெடி வைத்துக் கதவைத் தகர்த்து, விடியும் தறுவாயில் முகாம் திரும்பி, படபடப்பு அடங்காமலே தூக்க மாத்திரையை விழுங்கிப் படுத்தவனுடைய தேகம், ஊர் திரும்பிய பின்பும் இரவைப் பகலாகவே பாவித்தது. மனைவியும் மக்களும் அயர்ந்து உறங்கும் வேளையில் வாசற்கதவின் தாழ்ப்பாளை மறுபடியும் மறுபடியும் சோதித்துப் பார்க்கும் அந்த மனிதனைக் கோழை என்று சொல்ல யாருக்கு நா எழும்? தலைவலி, மறதி, மூட்டுவலி, காரணமற்ற கோபம் ஆகியவற்றோடு உறக்கமின்மையையும் சேர்த்து, 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் 'ஆபரேட்டர் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். வெடியதிர்ச்சி மூளைக்கு இழைக்கும் தீங்கையும் அதில் கணக்கிட்டார்கள்.

உறக்கத்தை வரவழைக்க மட்டுமல்ல, விரட்டவும் மாத்திரை உண்டு. 2002 ஏப்ரலில், ஆப்கானிஸ்தானத்தின் காந்தஹார் அருகே இரவுப் பயிற்சியில் இருந்த கனடா வீரர்கள்மீது அமெரிக்க விமானி ஒருவர் குண்டு வீச, நால்வர் மாண்டனர். விழித்திருப்பதற்காக விமானிகளுக்கு ஆம்பெட்டமின் மாத்திரை வழங்கப்பட்ட செய்தி அதன் பின் உலகறியப் பேசப்பட்டது. அந்த மரணங்களுக்கு மாத்திரையே காரணம் என்று நான் தீர்ப்புரைக்க வரவில்லை. ஓய்வு தரவேண்டிய இடத்தில் மருந்தைத் தரும் முறை தகாது என்பதே என் கட்சி.

2020-இல் அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட கையேடு, உறக்கத்தையும் போர்த்தகுதியின் ஓர் அங்கமாக ஏற்று, வாய்ப்புக் கிடைத்தால் பகலிலும் சற்றுக் கண்ணயரச் சொல்கிறது. நல்ல ஆரம்பந்தான். ஆயினும், 'தூக்கம் வரவில்லை' என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னால் அணியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற பயம் வீரனை விடுவதில்லையே! அவ்விதம் சொன்னவனுக்கு ஓய்வும் சிகிச்சையும் அளித்து, அவன் இடத்தை அவனுக்கே காத்துவைப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கவேண்டியது, அவனை இரவெல்லாம் ஏவிய தளபதிகளின் கடமை.