பிறரன்புப் பணியும் மக்கள் நம்பிக்கையும்

(பொன்விழாக் கருத்தரங்கில், நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்பது நன்றி கூறும் நேரம். அதோடு, மனத்தைச் சோதித்துப் பார்க்கும் நேரமும் கூட. ஆகவே எங்கள் குறை ஒன்றை உங்கள் முன் வைத்தே இந்த உரையைத் தொடங்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் எல்லையில் குடிசைகள் தீப்பற்றி எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிறு பூசையில் அறிவித்தோம். நீங்கள் அள்ளிக் கொடுத்தீர்கள். பாத்திரம், பாய், கூரைக்கான கீற்று எல்லாம் வாங்கிக் கொடுத்த பின்னும் ஒரு தொகை மீந்தது. அதைப் பள்ளிக்கூடம் திறந்த வேளையில் சில ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்குச் செலுத்தினோம். நல்ல காரியம்தான். ஒரு காசும் வீணாகவில்லை. ஆனால் அதை உங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. “தீ விபத்துப் பணத்தில் மிச்சம் என்னவாயிற்று?” என்ற கேள்வி முதலில் குழாயடியில் எழுந்தது, பிறகு கோயில் வாசலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு எங்கள் பிடி அரிசிச் சாக்கு பாதிகூட நிரம்பவில்லை. அதனால் மாதந்தோறும் அரிசி பெற்றுவந்த முதியோர் சிலருக்கு அளவைக் குறைக்க நேர்ந்தது. சொல்லாமல் விட்டது நாங்கள். அரை வயிறு உண்டவர்கள் அவர்கள். இந்த வேதனைதான் எங்களை இன்று பேச வைக்கிறது.

எங்கள் சபையின் பாதுகாவலரான புனித வின்சென்ட் தே பவுல் வாழ்வில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்ற சிற்றூரின் பங்குக் குருவாக அவர் இருந்தார். ஒரு ஞாயிறன்று, பூசைக்கு ஆயத்தமாகும் வேளையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடப்பதாகவும், கவனிக்க ஆளில்லை என்றும் அவருக்குச் செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். மாலையில் அந்த வீட்டுக்கு அவர் புறப்பட்டபோது, வழியெல்லாம் பெண்கள் கூட்டங்கூட்டமாக உணவு எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள். வேறொருவராக இருந்தால் தம் பிரசங்கத்தின் பலனைக் கண்டு பூரித்துப் போயிருப்பார். அவரோ யோசித்தார். இன்று இத்தனை உணவும் ஒரே நாளில் குவிகிறது, பாதி கெட்டுப்போகும், பிறகு அந்தக் குடும்பம் பழையபடி பட்டினி கிடக்குமே! மூன்றாம் நாளே அந்தப் பெண்களை ஒன்று கூட்டினார். முறை வைத்து, நாளுக்கு ஒருவராக நோயாளிகளைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். தலைவி, பொருளாளர், கணக்கு என்று எழுத்தில் ஒழுங்குகளை வகுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்தப் பிறரன்புச் சபை முறைப்படி நிறுவப்பட்டது. அன்பு குறைவாக இருந்ததால் அவர் திட்டம் போடவில்லை. அன்பு வீணாகக் கூடாதே என்றுதான் திட்டம் போட்டார்.

இது ஏதோ 17-ஆம் நூற்றாண்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைச் சூறையாடியபோது, நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் மலைமலையாகக் குவிந்து கிடந்ததை நாம் அறிவோம். கொடுத்தவர்களின் மனம் பெரியது. ஆனால், வலையும் படகும் இழந்து நின்ற மீனவ மக்களுக்கு என்ன தேவை என்று முதலில் கேட்காமல் அனுப்பியதால், அந்தத் துணிகளை அகற்றுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

சரி, திட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய தனி நிதிக்கு 50 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதில் ஒரு கணிசமான பகுதியை வருங்கால ஆபத்துகளுக்கென்று ஒதுக்கிவைக்கச் சங்கம் எண்ணியது. முன்யோசனை என்ற வகையில் அது தவறல்ல. ஆனால், உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கென்று நம்பிக் கொடுத்த மக்கள் கொதித்தெழுந்தார்கள். நவம்பர் மாதமே சங்கம் தன் முடிவை மாற்றி, நிதி முழுவதும் அந்தத் தாக்குதலால் பாதிக்கப்பட்டோருக்கே என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஆழிப்பேரலை வந்த சில நாள்களிலேயே, அதாவது 2005 ஜனவரித் தொடக்கத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பு, “இந்தப் பணிக்கு எங்களால் செலவிட முடிந்த அளவு பணம் வந்துவிட்டது, இனி இதற்கென அனுப்ப வேண்டாம்” என்று வெளிப்படையாக அறிவித்தது. கூடுதலாக வந்த பணத்தை வேறு நாடுகளில் துன்புறுவோருக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மற்றவர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள்.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பணம் மீந்தது. இரண்டிலும் வேறு நல்ல பயனுக்கு அதைத் திருப்பும் எண்ணம் இருந்தது. ஓரிடத்தில் கொடுத்தவர்களைக் கேளாமல் எண்ணினார்கள். மற்றோரிடத்தில் கேட்டுச் செய்தார்கள். எங்கள் தீ விபத்து நிதியில் நாங்கள் தவறியதும் இந்த ஓரிடத்தில்தான்.

“வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொல்லியிருக்க, கணக்கு எதற்கு?” என்று சிலர் கேட்பதுண்டு. அது கொடுப்பவன் தற்பெருமை கொள்ளாதிருக்கச் சொன்னது. பிறர் பணத்தைக் கையாள்பவனுக்குச் சொன்னதன்று. பன்னிருவரின் பணப்பையை வைத்திருந்தவன் அதிலிருந்து எடுத்து வந்தான் என்பதை அருளப்பர் தம் நற்செய்தியில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதும் ஆண்டவரின் போதனையே.

புனித சின்னப்பர் எருசலேம் ஏழைகளுக்கு நிதி திரட்டிய முறையைக் கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்களில் காண்கிறோம். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வசதிக்கேற்ப எடுத்து வைக்கச் சொன்னார். ஓராண்டுக்கு முன்பே ஆயத்தம் செய்தார். நிதியைக் கொண்டு செல்லத் தாம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்தவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையில் எவரும் குறை காண இடம் இருக்கக்கூடாது, ஆண்டவர் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் நேர்மை விளங்க வேண்டும் என்பதே அவர் கருத்து. அப்போஸ்தலருக்கே இந்தக் கவனம் தேவைப்பட்டது என்றால், நமக்கு எவ்வளவு தேவை!

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே வற்புறுத்துகிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267-ஆம் எண். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுப்பதை 1284-ஆம் எண் பெரிதும் பரிந்துரைக்கிறது. விசுவாசிகள் அளித்தவற்றுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287-ஆம் எண். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் எண். ஆகவே கணக்குக் கேட்பவரைக் குறை கூறுபவர் என்று எண்ணுவது பிழை. அவர் தம் உரிமையைக் கேட்கிறார்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கணக்கைத்தான் நாங்கள் பலகையில் எழுதுவோம். உதவி பெற்றவர்களின் பெயரை எழுத மாட்டோம். “யார் யாருக்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். அருளாளர் பிரடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் 1833-இல் பாரிசு நகரில் இச்சபையைத் தொடங்கிய நாள் முதல், ஏழையை அவன் வீட்டிலேயே சென்று சந்திப்பதே எங்கள் வழக்கம். அவன் மானத்தைக் காப்பது, அவன் பசியைத் தீர்ப்பதற்குக் குறைந்ததன்று.

இந்தப் பொன்விழா ஆண்டில் எங்கள் சபை நான்கு வாக்குறுதிகளை உங்கள் முன் அளிக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை குடும்பங்களுக்கு என்ன உதவி, அதற்கு எவ்வளவு தேவை என்ற திட்டத்தை அறிவிப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்; வண்டிக் கூலியும் ரசீதுப் புத்தகச் செலவும் கூட அதில் மறையாமல் இருக்கும். ஒரு நிதியில் மிச்சம் வந்தால், பூசைக்குப் பின் உங்களைக் கேட்காமல் வேறெதற்கும் தொடமாட்டோம். எங்கள் சபையைச் சேராத இருவர் ஆண்டுதோறும் எங்கள் கணக்கைத் தணிக்கை செய்ய இசைவோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. சந்தேகம் வந்தால் குழாயடியில் பேசாதீர்கள். எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு வந்து கேளுங்கள். நோட்டுப் புத்தகம் மேசைமேல் விரிந்தே இருக்கும்.

காணிக்கைப் பெட்டியில் இரு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் உற்று நோக்கினார். அப்படிப்பட்ட இரு காசுகள்தான் எங்கள் பையிலும் விழுகின்றன. அவற்றை அந்த மதிப்போடு கையாள எங்களுக்கு அருள் கிடைக்க, அன்னை மரியாளின் வழியாக மன்றாடுங்கள்.

 இறைவனுக்கே புகழ்!