கில்டுக்குத் தலைவன்

கொல்லிமலையில் செம்மேட்டிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மனநல ஆலோசகர் என்பார்கள். இன்று ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். பணம் வைத்து ஆடும் ரம்மி அல்ல. நான் சொல்வது, வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, மாதக்கணக்கில் அந்த வேடத்திலேயே வாழ்கிற விளையாட்டு.

அது எப்படிப் பிள்ளைகளைப் பிடித்து வைக்கிறது என்று தெரியவேண்டுமல்லவா? ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டு 2004-ல் வந்தது. ஆரம்ப காலத்தில் அதில் பெரிய அரக்கனை வீழ்த்த நாற்பது பேர் வரை ஒரே நேரத்தில் கூடுவார்கள். அடி தாங்கச் சிலர், அடிக்கச் சிலர், காயம் ஆற்றச் சிலர். காயம் ஆற்றுகிறவர் வராவிட்டால் அத்தனை பேரும் செத்து விழவேண்டியதுதான். அரக்கன் விழுந்தாலும் ஆசைப்பட்ட வாள் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் அடுத்த வாரமும் வரவேண்டும். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் கில்டு. படையெடுப்புக்குப் பெயர் ரெய்டு. இன்று கைபேசியில் ஆடுகிறவற்றிலும் இதே வித்தைதான். அம்மாக்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்: உங்கள் பையனை உட்கார வைப்பது படமோ சத்தமோ மட்டுமல்ல. அங்கே அவனுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன். வகுப்பில் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறான் என்று அனுப்பிவைத்தார்கள். வாயே திறக்கவில்லை. “உன் கில்டில் நீ என்னப்பா?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். “லீடர் சார்” என்றான். பையிலிருந்து வேதியியல் நோட்டை எடுத்து, பின்பக்கத்திலிருந்து புரட்டிக் காட்டினான். கட்டம் போட்டு இருபத்தைந்து பெயர்கள். யார் எந்த நாள் வருவார், யாருக்கும் யாருக்கும் ஆகாது, அடுத்த வாள் யாருக்குக் கொடுக்கவேண்டும், யாருக்குக் கொடுத்தாயிற்று. அடித்தல் திருத்தல் இல்லை. நேயர்களே, அந்த நோட்டின் முன்பக்கங்கள் பாதிக்கு மேல் காலி.

ஒருநாள் ரெய்டு நேரத்தில் அவன் அப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போன தலைவனைக் கில்டுக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். பையன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். “சாவு விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கான் சார்” என்று அழுதார் அம்மா. அப்பாவோ, “பொம்மை விளையாட்டுக்கா இந்த அழுகை?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் நாம் சறுக்குகிறோம். 2005-ல் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ‘லெஜெண்ட் ஆஃப் மிர் 3’ என்ற விளையாட்டில் ஒருவர் அரிய வாள் ஒன்றைச் சம்பாதித்திருந்தார். நண்பர் அதை இரவல் வாங்கி 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். வாளுக்குரியவர் போலீசுக்குப் போனார். விளையாட்டுப் பொருளைச் சட்டம் சொத்தாகக் கருதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் அந்த நண்பரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் நமக்குப் பொம்மையாகத் தெரிவது அவர்களுக்கு உழைத்துச் சேர்த்த சொத்து, பதவி, மானம். இதைப் புரிந்துகொள்ளாமல் பேசத் தொடங்கினால் பிள்ளை நம் பக்கம் திரும்பவே மாட்டான்.

ஆடுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கட்டுமீறி விளையாடுவதை ஒரு கோளாறாக நோய்ப் பட்டியலில் சேர்த்தது; 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இந்த மூன்றும் பெரும்பாலும் ஓர் ஆண்டுக் காலம் நீடித்து, வாழ்க்கையையே பாதித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இத்தகைய தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். மிளகு பறிக்கும் பருவம் அது. அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் யார் வந்தார், எத்தனை கிலோ பறித்தார், எவ்வளவு கூலி பாக்கி என்ற ஆள் கணக்கை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். அப்பாவுக்கு மனமே இல்லை. கொடுத்த முதல் வாரமே, ஒருவருக்கு இரண்டு நாள் கூலி விட்டுப்போயிருந்ததைப் பையன் கண்டுபிடித்தான். அதன்பிறகு ஏணியில் நிற்கிறவர்களே “தம்பி, என் கணக்கு என்ன?” என்று அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் அம்மாவிடம் என்பது அவனும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை இன்னமும் ஆடுகிறான். ஆடட்டுமே!

நேரம் முடியப்போகிறது. பிடுங்காதீர்கள், பேசி வரையறை போடுங்கள். முதலில் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். கைமீறினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம் “அங்கே நீ யாரு?” என்று அக்கறையோடு கேளுங்கள். அந்தத் திறமைக்கு வீட்டிலும் ஊரிலும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கொடுத்தால் வருவார்கள் என்பது என் நம்பிக்கை.