மாணவர் கையில் பூட்டிய கணினி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் சிலம்பையும் குறளையும் பற்றிச் சுவைபடப் பேசினார்கள். அச்சுவையில் திளைத்திருக்கும் உங்களை மடிக்கணினிப் பேச்சுக்கு இழுத்துவருவது எனக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து, நம் பகுதியில் பயிலும் எளிய குடும்பத்து மாணவர் சிலர்க்கு மடிக்கணினி வாங்கித் தருவதென்று செயற்குழு கருதியிருக்கிறது. கடைக்குச் சென்று விசாரித்தவர்கள் இரண்டு வகைகளைக் கண்டு வந்திருக்கிறார்கள். ஒன்று, எந்த நிரலையும் ஏற்றிக்கொள்ளத்தக்க பொதுக் கணினி. மற்றொன்று, 'குரோம்புக்' என்னும் கட்டுப்படுத்தப்பட்ட கணினி. பின்னதில் விலை குறைந்தவை பல உள்ளன. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்டது என்றும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எதை வாங்குவது? இதுவே என் முன் வைக்கப்பட்ட கேள்வி.

கட்டுப்பாடு என்பது என்ன என்று முதலில் தெளிந்துகொள்வோம். கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை அத்தகையவை. பொதுக் கணினியில் உரிமையாளர் விரும்பும் நிரலை எங்கிருந்து வேண்டுமானாலும் பெற்று ஏற்றலாம். வேண்டாவிடில் இயங்குதளத்தையே களைந்து வேறொன்றை நிறுவலாம். குரோம்புக் அவ்வாறன்று. அதன் இயங்குதளம் பெரும்பாலும் இணைய உலாவியை நடுவாகக் கொண்டது. மின்விசையை அழுத்தியவுடன், தன் இயங்குதளத்தில் எவரேனும் கைவைத்திருக்கிறார்களா என்று அக்கணினி தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. மாறுதல் இருப்பின் ஏற்க மறுக்கிறது. கூகுள் நிறுவனம் இந்த ஏற்பாட்டை 2009ஆம் ஆண்டு வெளியுலகுக்குக் காட்டியது. அன்று அதனை விளக்கியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அவர்கள். 2011ஆம் ஆண்டு சாம்சங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் எச்பி நிறுவனம் சென்னைக்கு அருகிலுள்ள பிளெக்ஸ் தொழிற்சாலையிலேயே இவற்றைச் செய்யத் தொடங்கியது. ஆகவே இதனை அயலார் பொருள் என்று ஒதுக்கவும் நமக்கு வழியில்லை!

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓர் ஆசிரியர், நாற்பது கணினிகள். ஒன்றில் நச்சுநிரல் புகுந்துவிட்டது, மற்றொன்றில் எவனோ ஒரு சிறுவன் விளையாட்டை ஏற்றிவிட்டான், இன்னொன்றில் கடவுச்சொல் மறந்துபோயிற்று என்றால், பாடவேளை முழுவதும் கணினிகளுக்கு மருத்துவம் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். குரோம்புக்கில் இத்தொல்லைகள் மிகவும் குறைவு. பிள்ளையின் கட்டுரையும் கணக்கும் இணையத்தில் சேமிக்கப்படுகின்றன. ஒரு கணினி பழுதுபட்டால் வேறொன்றில் தன் பெயரைப் பதிந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பள்ளியின் பொறுப்பாளர் ஓரிடத்தில் அமர்ந்தபடியே எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வகையான விதியை வகுத்துவிடலாம்.

வீட்டிலிருக்கும் முதியோர்க்கும் இது பொருந்தும். அயல்நாட்டிலிருக்கும் பேரனின் முகத்தைக் காணவும், செய்தித்தாள் படிக்கவும், மின்கட்டணம் செலுத்தவும், பழைய பாடல் கேட்கவும் இதற்கு மேல் என்ன வேண்டும்? சொல்லப்போனால் நம் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியே கட்டுப்படுத்தப்பட்ட கணினிதான். அதனால் நம்மில் எவர்க்கும் உறக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. உறக்கம் கெடுவது வேறு காரணங்களால்!

ஆனால் அந்தக் கைப்பேசியே நமக்கு ஒன்றைக் கற்பித்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரு கைப்பேசியை அண்ணன், தங்கை, தம்பி என்று மூவர் மாறிமாறி வைத்துக்கொண்டு பாடம் கேட்ட வீடுகள் நம் தெருக்களில் பல. பாடத்தைக் கேட்க முடிந்தது. நான்கு பக்கக் கட்டுரையை எழுத முடியவில்லை. நிரல் எழுதிப் பழகவும் முடியவில்லை. நுகர்வதற்கு ஏற்ற கருவி ஆக்குவதற்கு ஏற்றதாக இருந்துவிடுவதில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

இனி, தமிழர் அனைவரும் அறிந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்றோர்க்கும், அரசுக் கல்லூரி மாணவர்க்கும் உரிய திட்டம் அது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 இலட்சத்து 12 ஆயிரம் கணினிகள் வழங்கத் திட்டமிட்டார்கள். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அவற்றில் ஒன்றல்ல, இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 வரிசையின் 'ஸ்டார்ட்டர்' பதிப்பு. மற்றொன்று சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ்.

ஸ்டார்ட்டர் பதிப்பும் ஒருவகையில் கட்டுப்படுத்தப்பட்டதே. திரையின் முகப்புப் படத்தைக்கூட மாற்ற அது இடங்கொடாது. 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தையும் ஏற்காது. படத்தை மாற்ற வொட்டாத இந்தக் கஞ்சத்தனத்தை எண்ணி அந்நாளில் நகைத்தவர் பலர். எனினும் அக்கட்டுப்பாடு மேற்பரப்போடு நின்றது. மாணவன் தனக்கு வேண்டிய நிரலை ஏற்றிக்கொள்ளலாம். அப்பதிப்பு பிடிக்கவில்லையாயின் பக்கத்திலேயே லினக்ஸ் இருந்தது. அதுவும் போதவில்லையாயின் வேறொன்றை நிறுவ எவர் இசைவையும் பெறவேண்டியதில்லை. கணினி அவனுடையது; பள்ளியை விட்டு வெளியேறும்போதும் அவனோடு சென்றது. சிலர் அதனை விற்றார்கள் என்று நாளேடுகள் எழுதின. அது மெய்யே. ஆனால் தன் வீட்டிலே கணினி என்பதையே அதற்கு முன் கண்டிராத ஒரு தலைமுறைக்கு அதுவே முதற் கணினியாயிற்று. தட்டிப் பார்த்து, கெடுத்துப் பார்த்து, மீண்டும் சரிசெய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் அன்று கிடைத்தது. தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேர்க்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்தபோது, அந்தப் பழைய திட்டமே பலர் நினைவுக்கு வந்தது.

'பூட்டில்லாக் கணினிகளைப் பள்ளிகளில் எவ்வாறு பராமரிப்பது?' என்று கேட்பவர்களுக்குக் கேரளம் விடை தந்திருக்கிறது. அங்கே 'ஐடி அட் ஸ்கூல்' என்னும் அரசுத் திட்டம், 2017ஆம் ஆண்டு முதல் 'கைட்' என்னும் நிறுவனமாகி, அரசுப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பை ஆக்கி அளித்துவருகிறது. 2019ஆம் ஆண்டிலேயே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கென அதன் புதிய பதிப்பு வெளியிடப்பட்டது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே தொகுப்பு. பாடத்திட்டத்துக்கு ஏற்ற நிரல்கள். மலையாளத்தில் எழுதும் வசதி. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். ஆகவே ஒழுங்கு வேண்டுமாயின் பூட்டு இன்றியமையாதது என்னும் கூற்று எனக்கு உடன்பாடன்று. பூட்டு எளிய வழி என்பதை மட்டும் ஒப்புக்கொள்வேன். ஆசிரியரைப் பயிற்றுவிக்கப் பொருளும் மனமும் இல்லாத இடத்தில் அந்த எளிய வழியே நல்வழியாகவும் இருக்கலாம்.

இப்போது நான் கருதும் முதன்மையான செய்திக்கு வருகிறேன். வீட்டுக்குப் பூட்டு வேண்டுமா என்று நாம் விவாதிப்பதில்லை. சாவி எவர் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. பள்ளியின் மேலாண்மையில் பதிவு செய்யப்பட்ட குரோம்புக்கின் சாவி பள்ளியிடம் இருக்கிறது. அக்கணினியை முற்றிலும் துடைத்துவிட்டுத் தொடங்கினாலும், பள்ளி அதனைத் தன் பதிவிலிருந்து விடுவிக்காதவரை, அது மீண்டும் அப்பள்ளியின் பெயரையே கேட்டு நிற்கும்படி அமைக்க முடியும். திருட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பயன்படுத்திய கணினிகளை எஸ்.பி. ரோட்டில் மலிவாக வாங்கி வருபவர் இதனை அறியாவிடில், கொடுத்த பணத்துக்கு ஒரு பலகையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இரண்டாவது சாவி உற்பத்தியாளர் கையில் உள்ளது. ஒவ்வொரு குரோம்புக் வகைக்கும் புதுப்பிப்பு நின்றுபோகும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்நாளுக்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. நாம் வாங்கிய நாளிலிருந்து அக்கெடு தொடங்குவதில்லை. அவ்வகை முதலில் வெளிவந்த காலத்திலிருந்தே எண்ணப்படுகிறது. தொடக்கத்தில் மிகக் குறுகியதாயிருந்த இக்கெடுவை, அமெரிக்கப் பள்ளிகளில் நல்ல கணினிகள் குப்பைக்குச் செல்கின்றன என்ற கண்டனம் எழுந்தபின், 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கூகுள் பத்தாண்டுகளாக நீட்டியது. பத்தாண்டு என்பது போதுமான காலமே. விண்டோஸும் இதில் குற்றமற்றதன்று. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுபோயிற்று. ஆனால் பொதுக் கணினியில் அன்றே லினக்ஸை நிறுவி மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். குரோம்புக்கில் அவ்வாறு செய்வது பல வகைகளில் அரிது. சிலவற்றில் உட்புறத்தைப் பிரித்துக் கைவைக்கவும் நேரிடும்.

பிள்ளைகளின் செய்திகள் எங்கே சேர்கின்றன என்ற கேள்வியும் உண்டு. டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் என்றோர் ஊர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நிகழும் எல்சினோர் அதுவே. அங்குள்ள பள்ளிகளில் குரோம்புக்கையும் கூகுளின் கல்விச் சேவைகளையும் பயன்படுத்தலாகாதென 2022ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பின்னர் அதே ஆண்டு அத்தடை நிறுத்திவைக்கப்பட்டது. நகராட்சி தன் நடைமுறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 அகவை நிரம்பாதோரைக் குழந்தைகள் என்றே கொண்டு பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது.

நம் பிள்ளைகளின் தேவை என்ன? வணிகவியல் பயிலும் இளைஞர் வேலைக்குச் செல்லும்போது, 'டேலி தெரியுமா?' என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. அந்நிரலை ஆக்கிய நிறுவனம் இந்தப் பெங்களூரில்தான் இருக்கிறது. ஆயினும் விண்டோஸுக்கென எழுதப்பட்ட டேலியைக் குரோம்புக்கில் நேரே ஏற்ற இயலாது. பாலிடெக்னிக்கில் வரைபடம் கற்பவர்க்கும் இதே இடர் உண்டு. நிரல் எழுதப் பழகுவோர்க்கு, 2018ஆம் ஆண்டு முதல் குரோம்புக்கிலேயே லினக்ஸ் சூழல் ஒன்றைத் திறந்துகொள்ள வழி செய்திருக்கிறார்கள். மேலாண்மைப் பொறுப்பாளர் நினைத்தால் அதனையும் மூடிவிடலாம்.

தமிழ் எழுதுவதைப் பொறுத்தவரை குறைசொல்ல இடமில்லை. தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை அமைப்புகள் குரோம்புக்கிலேயே இருக்கின்றன. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள், தமிழை விசைப்பலகையில் பழகுவது வீட்டிலேதான் நிகழவேண்டும் என்பதால் இதனை நான் பெரிதாகக் கருதுகிறேன். ஆனால் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்ட பழைய மலர்களைத் திறந்து திருத்த வேண்டுமாயின் பொதுக் கணினியே துணை. கூகுளின் இணைய ஆவணத்தில் நம் எழுத்துருவை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. மலர்க்குழுவினர் இதனை நினைவில் வைப்பார்களாக.

ஆதலின் செயற்குழுவின் முன் என் கருத்தைத் தெளிவாகவே வைக்கிறேன். சங்கப் படிப்பகத்தில் பிள்ளைகள் மாலையில் வந்து பயன்படுத்திச் செல்வதற்கு இரண்டு மூன்று குரோம்புக்குகள் வாங்கலாம். சாவி நம்மிடமே இருக்கும்; பராமரிப்புச் செலவும் மிகாது. வாங்குமுன் அவ்வகையின் புதுப்பிப்பு நிற்கும் நாளைக் கேட்டறிந்து பட்டியலிலேயே எழுதி வாங்கவேண்டும். மாணவர்க்கு உரிமையாக்கித் தரும் கணினி பொதுக் கணினியாகவே இருக்கட்டும். பத்துப் பேர்க்குக் கொடுக்க எண்ணியதை ஏழு பேர்க்கே கொடுக்க நேர்ந்தாலும் தாழ்வில்லை. எஞ்சிய மூவரை அடுத்த ஆண்டு முதல்வராக வைப்போம். விண்டோஸில் 'எஸ்' முறையில் பூட்டி விற்கும் கணினி கிடைத்தால் அஞ்சவேண்டா. அப்பூட்டைக் கட்டணமின்றித் திறக்கலாம். திறந்தபின் மீண்டும் பூட்ட முடியாது, அவ்வளவே.

கணினியோடு ஒரு பயிற்சியும் வேண்டும். லினக்ஸ் நிறுவவும், கோப்புகளைப் படியெடுத்துக் காக்கவும், தமிழ்99இல் எழுதவும் மாதம் ஒரு ஞாயிறு கற்றுத்தர இங்குள்ள கணினித் துறை இளைஞர்கள் முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மேடையை விட்டு நான் இறங்கியதும் நுழைவாயில் அருகே ஒரு தாள் வைக்கப்படும். விருப்பமுள்ளோர் தம் பெயரை அதில் எழுதிச் செல்லலாம்.