வாணிகமும் கணிப்பொறிக் கணக்கும்

(கனகசெட்டிக்குளத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகட்கு இலக்கணம் கற்பிக்கும் நம்மை வாணிகத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கடை நடத்தியறியாத நமக்கு அத்தகுதி உண்டோ என முதலில் ஐயுற்றோம். ஆயினும், செய்தியை எழுதுதலும் காத்தலும் ஏட்டோடு பழகினார்க்குப் புறம்பான தொழில் அன்று எனத் துணிந்து இவ்வவையில் நிற்கின்றோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

செய்தியே வாணிகத்தின் முதல் என்பதை நம் புதுவை நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தமது நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761-ஆம் ஆண்டில் தாம் மறையுங்காறும் எழுதிவந்தார். கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, துய்ப்ளெக்சு துரையோடு நிகழ்ந்த உரையாடல் ஆகியன அதன்கண் நாள்தோறும் பதிந்துள்ளன. துபாசியும் வணிகருமாகிய அவர் தமது செய்தியைத் தாமே ஆண்டார். பிறர் நினைவை நம்பியிருந்தாரல்லர்.

இற்றைநாள் நிலை யாது? 1-7-2017 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், சிறு வணிகரும் கணிப்பொறியை நாடலாயினர். இருப்பும், கடனும், வரவும் அப்பொறியினுள்ளேயே அடங்கிவிட்டன. ஆனால், கல்லாப்பெட்டியின் திறவுகோலை மடியிற் செருகிக்கொண்டு உறங்கும் முதலாளி, கணிப்பொறியின் மறைச்சொல்லைக் கணக்கெழுதும் பையனிடம் விட்டுவிட்டு, "அஃது எனக்கு விளங்காது" என்று கூறி அமைகின்றார். இது தகுமா என்பதே நம் வினா.

நம் உறவினர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்ததை யாவரும் அறிவீர். பெருமழை வெள்ளம் அவர்தம் கடையினுட் புகுந்தது. தரையில் இருந்த கணிப்பொறி மூழ்கிற்று. ஏழாண்டுக் கணக்கு அதனோடு போயிற்று. வேறிடத்தில் படியொன்று எடுத்து வைத்தாரிலர். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்குச் சான்று இல்லாமற் போகவே, கடன்பட்டாருள் நல்லோர் தாமே வந்து கொடுத்தனர், ஏனையோர் வாய்திறந்திலர். அதே கடையின் பரண்மேல் அவர் தந்தையார் எழுதிய பேரேடுகள் ஒரு துளி நீரும் படாமல் இருந்தன! பொறியின்மேற் பழியில்லை. தந்தையார் ஏட்டைப் பரணில் ஏற்றினார்; மைந்தர் பொறியைத் தரையில் வைத்தார்; அவ்வளவே வேற்றுமை.

பெரிய நிறுவனங்கட்கும் இவ்வுண்மை பொருந்தும். குடந்தையில் 1904-ஆம் ஆண்டில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கள்வர் கணிப்பொறி வழியே புகுந்து, ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று ஆணைகளால் வெளிநாடுகட்கு அனுப்ப முயன்றனர். அனுப்பிய ஆணைகட்கு வரும் ஒப்புகை வங்கியார் கண்ணிற் படாதிருக்க, அதனை அச்சிடும் பொறியையும் செயலறச் செய்தனர். எனினும், கணக்கை ஒத்துப்பார்க்கும் வழக்கம் அங்கிருந்தமையால், மறுநாளே களவு வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. பொறியின் காவலைக் கடந்த கள்வர், கணக்கை ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கத்தைக் கடக்க மாட்டாராயினர் என்க.

ஆதலின், கணிப்பொறியை ஆள்வதற்கு அதன் உள்ளுறுப்பை அறிதல் வேண்டுவதில்லை. வாணிக ஒழுக்கம் நான்கினை விடாதிருத்தல் வேண்டும்.

ஒன்று, நாள்தோறும் கடையடைக்குமுன் பொறியின் கணக்கையும், கையிருப்பையும், வங்கியில் வந்த தொகையையும் ஒத்துப்பார்த்தல். தொலைபேசியில் "பணம் வந்தது" என ஒலித்த குரலை மட்டும் நம்புதல் போதாது.

இரண்டு, கணக்கின் படியை வேறோர் இடத்தில் வைத்தலும், அப்படியைத் திறந்து படிக்க இயலுகின்றதா என அவ்வப்போது தேர்தலும் ஆம். திறவாத படி இல்லாத படியே.

மூன்று, யாரிடம் எதனை ஒப்படைப்பது என்பதை ஆய்தல். வள்ளுவனார் தெரிந்து தெளிதலை முன்வைத்து, அதனையடுத்துத் தெரிந்து வினையாடலை வைத்த முறையை நோக்குக. விற்பவனுக்கு விற்கும் பகுதி போதும். விலையை மாற்றும் உரிமை அவனுக்கு எதற்கு? ஒவ்வொருவர்க்கும் தனி மறைச்சொல் இருத்தல் வேண்டும். வேலையை விட்டு நீங்குவோனது மறைச்சொல்லை அன்றே நீக்குதல் வேண்டும்.

நான்கு, அழியாமை. பழைய கணக்கர் பிழையைச் சுரண்டி அழியார். கோடிட்டு அருகே திருத்துவர். சட்டப்படி பதிவுபெற்ற கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் திருத்தங்களின் சுவட்டை அழியாது காத்தல் வேண்டும் என்று 1-4-2023 முதல் அரசும் விதித்துள்ளது. சிறு வணிகரும் அதனைக் கைக்கொள்க.

இன்னுமொன்று. வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் நம்மிடம் அடைக்கலமாய் உள்ளவை. 2023-ஆம் ஆண்டில் இயற்றிய தரவுக் காப்புச் சட்டம், தக்க காவலின்றி அவற்றை நழுவவிடுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. தண்டத்திற்கு அஞ்சியன்று, அடைக்கலப் பொருளென்று கருதியே அவற்றைக் காத்தல் நம்மவர்க்கு அழகு.

இளைஞர்களே! நீவிர் கற்ற இக்கலையை உம் தந்தையர்க்குப் பொறுமையுடன் கற்பிமின். பெரியோர்களே! மைந்தரிடம் கற்றலில் இழிவு யாதும் இல்லை. ஆயுத பூசையன்று கணக்கேட்டிற்கு இட்ட சந்தனத்தை இன்று கணிப்பொறிக்கு இடுகின்றோம். வரும் பூசையன்று, சந்தனம் இடுமுன் முதலாளி தாமே அமர்ந்து, மறைச்சொல்லை இட்டுக் கணக்கைத் திறந்து, தம் கடையின் இருப்பைத் தம் கண்ணாற் காண்பாராக. இச்சொற்பொழிவுக்கு அஃதொன்றே பயனாகும்.