அடுத்தவர் கையை வரைதல்

(வன்னியம்பட்டியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலைச் செயல்பாடுகள் வழியாகப் பிள்ளைகளிடம் பரிவை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுபவர் கசப்பான ஓர் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதையொட்டி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

ஓவியம் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இது கூடுதலாக உறுத்த வேண்டும். வண்ணங்களைப் பற்றி நாம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே தெரு வேறொரு பாடம் நடத்தி முடித்துவிடுகிறது. எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கயிற்றைக் கழற்றச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். கழற்றிய பிறகு அந்தக் கைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்?

வழக்கமாக நாம் கொடுப்பது 'ஒற்றுமை' என்று ஓர் ஓவியப் போட்டி. வானவில், புறா, நடுவில் உலக உருண்டை, அதைச் சுற்றிக் கைகோத்த பிள்ளைகள் என்று இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமலே அதை வரைந்து பரிசும் வாங்கிவிடலாம். கலைத் திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. மேடையே பார்க்காத பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. ஆனால் போட்டி அளப்பது திறமையை. நாம் இங்கே பேசும் விஷயத்துக்கு அந்த அளவுகோல் ஒத்துவராது.

நான் பரிந்துரைப்பது மிகச் சின்ன வேலை: அடுத்தவர் கையை வரைவது. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் கையை மேசையில் வைக்க, மற்றவர் பத்து நிமிடம் பார்த்து வரைய வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். தாளைவிடக் கையைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி. நகம், மடிப்பு, மருதாணியின் மிச்சம், அடுப்பில் சுட்ட தழும்பு எல்லாம் வர வேண்டும். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வியை மட்டும் அனுமதியுங்கள்: "இது எப்படி வந்தது?" தறியில் அம்மாவுக்கு உதவியபோது பட்டது, கிணற்றடியில் விழுந்தது என்று கதை வரும். சொல்லப் பிடிக்காத பிள்ளை சொல்லாமல் இருக்கட்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் இதையே தாளில் கைவைத்துச் சுற்றிக் கோடு இழுப்பதாக மாற்றிக்கொள்ளலாம். கோடு இழுக்க அடுத்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொடுதல் சாதாரண விஷயமில்லை என்பது நம் ஊர்களில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

யார் யாரோடு உட்கார்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தெருவை மனதில் வைத்து நாம் ஜோடி சேர்த்தால் பிள்ளைகள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு பிள்ளை "இவனோட உட்கார மாட்டேன்" என்றால் எல்லார் முன்னாலும் அதட்ட வேண்டாம். அதட்டினால் கூசிப்போவது மறுக்கப்பட்ட பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் எதிரில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் கையை அவன் வரையட்டும், அவன் கையை நீங்கள் வரையுங்கள். மறுத்தவனிடம் பிறகு தனியாகப் பேசலாம். வீடுவரை போக வேண்டிய பேச்சு என்றால் தலைமையாசிரியரோடு போங்கள்.

அடுத்தது நம் பக்கத்துக்கே உரியது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் தறிச் சத்தத்தில் பிறந்தவர்கள். மீட்டருக்கு என்ன கூலி என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் துணி எங்கே போகிறது என்று கேட்டால் "லாரியில் போகிறது" என்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். இது யாருடைய காயத்தில் போய் ஒட்டும்? அவர் எந்த ஊர், என்ன ஆனது, கட்டுப்போடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? துணியைத் தாளில் ஒட்டி, சுற்றிலும் அந்த ஆளை வரையச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவரை நினைக்கவைப்பதற்கு இதைவிட நல்ல பொருள் நம் வட்டாரத்தில் இல்லை என்பேன். தமிழ்ப் பாடவேளையில் அவருக்கு ஒரு கடிதமும் எழுதச் சொல்லலாம்.

எந்தப் படத்திலும் வரிசை எண் போடச் சொல்லாதீர்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதக் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். எண்களாக நடத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளைப் படத்தில் தங்கள் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் பத்திரப்படுத்தப்பட்டுத் தப்பின. அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோர் தப்பவில்லை. இன்று பிராக் நகர அருங்காட்சியகத்தில் அந்தப் பெயர்களைப் படிக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. "உன் சோகத்தை வரை" என்று சொல்லி அதைச் சுவரில் மாட்டாதீர்கள். பிள்ளையின் வேதனை வகுப்பின் காட்சிப்பொருள் ஆகிவிடும். நாம் கேட்காமலே, அடியோ பயமோ படத்தில் தெரிந்தால் தனியே விசாரியுங்கள். தேவைப்பட்டால் 1098-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

கணக்குப் பாடம் மீதமிருக்கிறது என்று ஓவியப் பாடவேளையை எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை போதும். சார்ட்டும் ஸ்கெட்ச்சும் வாங்க வேண்டியதில்லை. பழைய நோட்டின் பின்பக்கம், கரித்துண்டு, தறியில் வெட்டிப்போட்ட துணி போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகள் வரைந்த கைகளில் ஐந்தாறு கொண்டுவாருங்கள். மதிப்பெண் போடாமல் கொண்டுவாருங்கள்.