மதில் மட்டும் போதாது, தண்ணீருக்கு வழி வேண்டும்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வேலைநாள், வீட்டுக் காணி என்று வழமையாகப் பேசும் நாம் இன்று மண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. உயிர் போன பிறகு நிவாரணம் கேட்பது மட்டும் தொழிற்சங்க வேலையல்ல. உயிர் இருக்கும்போதே பாதுகாப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தால் நாம் நிர்வாகத்திடம் போகிறோம். "மதில் கட்டித் தருகிறோம்" என்கிறார்கள். மதில் எழும்பியதும் பிரச்சினை தீர்ந்தது என்று திரும்பி விடுகிறோம். அடுத்த பெருமழையில் அந்த மதிலே குசினியின் மேல் விழுந்து விடலாம். ஏன்?

மதிலைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரும்தான். 6 அடி மதிலுக்குப் பின்னால் தண்ணீர் முழுதாகத் தேங்கினால், மதிலின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ பாரம் தள்ளும். 20 அடி நீள மதில் என்றால் 10 தொன். மதிலின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். இது தண்ணீரின் கணக்கு மட்டுமே. மண்ணின் பாரம் தனி.

ஆகவே மதில் கட்டும்போது நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை இவை:

1. அத்திவாரம் இறுகிய பழைய மண்ணில் இறங்க வேண்டும். கொட்டி நிரப்பிய மண்ணில் நிற்கும் மதில் நிலைக்காது. கருங்கல் மதிலின் அடி அகலம் உயரத்தில் பாதியளவாவது இருப்பது நல்லது.

2. மதிலில் தண்ணீர் வடியும் துவாரங்கள் வேண்டும். ஏறக்குறைய 5 அடிக்கு ஒன்றாக, 3 அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சரிவாக வைக்கச் சொல்லுங்கள்.

3. மதிலுக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டும் துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு வந்து துவாரத்தை அடைத்து விடும்.

4. மேட்டின் மேலே கான் வெட்டி, மழைநீரை வீடுகள் இல்லாத பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். கான் அடைபட்டால் மதிலுக்கு ஆபத்து.

5. மதில் 4 அடியைத் தாண்டினால், அல்லது மேலேயோ கீழேயோ வீடு இருந்தால், பொறியியலாளரின் வரைபடத்தைக் கேளுங்கள்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை வாழும்போது, பின்பக்க மண்ணை வெட்டிக் குசினி இறக்குகிறோம். இடம் கொடுக்காதவர்கள் மீதுதான் குற்றம். ஆனாலும் மேட்டின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். மதிலுக்கு மேலே குப்பைக் குழி தோண்டுவதையும், பீலித் தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் மேட்டில் விடுவதையும் நிறுத்துவோம்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். மலையே நகரத் தொடங்கினால் எந்த மதிலும் தாங்காது. மேலே தேயிலை மலையில் நிலம் வளைவாக வெடித்திருந்தால், மரங்கள் சாய்ந்தால், கதவுகள் திடீரென இறுகினால், புதிதாக ஊற்று கிளம்பினால், பீலித் தண்ணீர் கலங்கினால் அல்லது சட்டென்று நின்றால், மதில் கேட்டுக் கொண்டிருக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அது வரும் வரை வெடிப்புகளைக் களிமண்ணால் இறுக்கி மூடுங்கள். மழை என்றால் ஆட்களை வெளியேற்றுங்கள்.

மழையை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 3 அங்குலம் (75 மில்லிமீற்றர்) சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். 4 அங்குலம் (100 மில்லிமீற்றர்) என்றால் வெளியேறத் தயாராகுங்கள். 6 அங்குலம் (150 மில்லிமீற்றர்), அல்லது ஒரே மணித்தியாலத்தில் 3 அங்குலம் என்றால் உடனே வெளியேறுங்கள். வெடிப்பைக் கண்டால் டின் நிரம்பக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இனி ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியம் செய்ய வேண்டும். டின்னையும் கானையும் மதிலையும் பார்க்க இருவரை நியமியுங்கள். ஆபத்தான இடங்களை எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி அனுப்புங்கள். திகதியிட்ட பிரதி ஒன்று நம் கையிலும் இருக்கட்டும். புதிய வீட்டுக்கு இடம் காட்டினால், மண் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். அறிக்கையைப் பார்க்காமல் அடிக்கல் நாட்ட விடாதீர்கள்.

நம் முன்னோர் வெட்டிய கான்களும் கட்டிய கல்லுக்கட்டுகளும் தேயிலையைக் காத்தன. தேயிலைக்குக் கிடைத்த பாதுகாப்பு அதைப் பறிக்கும் குடும்பங்களுக்கும் வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை.