ஒரு படி ஏற ஒரு கை

(அறவாரியத்தின் ஆண்டு நிகழ்வில், பிரிஞ்சாங்கில் ஆற்றிய உரை)



என் தந்தையார் இம்மலையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நாங்கள் அன்பால் ஒரு தவறு செய்தோம். "அப்பா, நீங்க படுங்க" என்று சொல்லி, எழவே விடவில்லை, சோற்றையும் ஊட்டிவிட்டோம். அசையாத தோள் இறுகியது. முதுகில் புண் வந்தது. தைப்பூசக் காவடியைப் பார்க்க வாசல்வரையாவது நடக்க வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவே இல்லை. அந்த வேதனைதான் என்னைப் பிசியோதெரபி படிக்க வைத்தது.

பிசியோதெரபி என்றால் தைலம் தேய்ப்பது, சூடு வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். மறந்த அசைவை மூளைக்கு மீண்டும் மீண்டும் கற்பிப்பதே அதன் அடிப்படை. மருத்துவர் அனுமதித்ததும் காலந்தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.

தொடங்கும்போது நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்பதுதான். ஒரு பெரியவர் நான் சொன்ன கைப்பயிற்சி எதையும் செய்யவில்லை. கேட்டபோது, "என் வேட்டியை நானே கட்டணும் அம்மா" என்றார். அன்றுமுதல் வேட்டி கட்டுவதையே பயிற்சியாக்கினோம். பிறகு அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

நம் பிரிஞ்சாங்கைப் போலவே முருகன் கோயில் கொண்ட ஊர் தமிழ்நாட்டின் ஆய்க்குடி. அவ்வூர்க்காரர் திரு. எஸ். ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐந்து குழந்தைகளுடன் தொடங்கிய அப்பணி, இன்று கிராமத்து வீடுகளுக்கே சென்று பயிற்சி அளிக்கிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நமக்கும் வாய்ப்புகள் உண்டு. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலாக்காவில் பெர்க்கேசோவின் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. சந்தா செலுத்திய தொழிலாளர்கள் தங்கள் தகுதியை விசாரித்து அறிய வேண்டும். ஆனால் தோட்டத்து வீட்டின் செங்குத்தான படிகளில் நோயாளியைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும், மகன் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாவது முறை போக மாட்டார்கள். பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே அன்பர்களே, நான் விலையுயர்ந்த இயந்திரம் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்வர வண்டிச் செலவும், வீட்டுப் படியில் ஒரு கைப்பிடியும், சிகிச்சையாளரிடம் முறையாகக் கற்று வாரம் ஒருமுறை வீடு தேடிச் செல்லும் இளைஞர் சிலரும் போதும். அன்னதானத்தில் ஒருவேளைப் பசி தீர்கிறது. இந்தத் தானத்தில் ஒருவர் தம் கையாலேயே உண்ணும் நிலைக்கு வருகிறார்.

என் தந்தைக்குக் கிடைக்காத அந்த நடை, இம்மலையில் இன்னொரு தந்தைக்குக் கிடைக்கட்டும். அதற்குத் தெண்டாயுதபாணி துணை நிற்பான்.